இருபத்தேழு இருளப்பன்களுக்கும் பெய்த மழை

பஞ்சவர்ணம் எழுதிய முதல் கணினி நிரல் இருபத்திரண்டு வரி. அதில் நாலு வரி தப்பு என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஆனாலும் அது ஓடிய ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்குத்தான் கூரானேந்தலில் அந்த வருஷத்தின் முதல் மழை பெய்தது. மற்ற ஊர்களில் பெய்வதுபோல மேகம் போன போக்கில் பெய்யாமல், பட்டியலைப் பார்த்துப் பெய்தது.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. ஊராட்சி அலுவலகத்தில் கணினி வேலை. வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போனால் திரும்ப ஒரு மாசமாகும் என்பதால் வீட்டிலும் பேச்சுத்துணை கிடையாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் தயிர்சாதமும் மறு கையில் செல்போனுமாக நாலு மாதம் பைத்தான் என்ற கணினி மொழிக்குப் பாடம் கேட்டாள். அதில் டிக்‌ஷனரி என்ற சமாசாரம் வந்ததும் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இந்தப் பக்கம் பெயர், அந்தப் பக்கம் விவரம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் விவரம் எழுந்து வந்து முன்னால் நிற்கும். எந்த வீட்டுக்கு என்றைக்குக் குழாய்த் தண்ணீர் என்று நோட்டைப் புரட்டிப் புரட்டி விரல் தேய்ந்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஊரின் நாலு தெருக்களுக்கும் நாலு கோப்புகள் தட்டினாள். ஒரு வீட்டுக்கு ஒரு வரி: முதலில் பெயர், ஒரு காற்புள்ளி, கதவு எண், இன்னொரு காற்புள்ளி, கடைசியில் நிலம் இருக்கும் இடம். நிரல் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, வரிவரியாகப் படித்து, காற்புள்ளி கண்ட இடத்தில் வெட்டி, டிக்‌ஷனரிக்குள் போட்டது. போட்டு முடித்த அந்த நிமிஷத்தில் ஓட்டின் மேல் சடசடவென்று சத்தம் கேட்டது.

வெளியே வந்து பார்த்தால், மேலத்தெருவில் ஒரு வீட்டின் மேல் மழை, பக்கத்து வீடு வெயிலில் காய்கிறது, அதற்கடுத்த வீட்டில் மழை. சுவரிலிருந்து சுவர் வரைக்கும், ஒரு சாண் கூடாமல் குறையாமல், தைக்கக் கொடுத்த துணியை வெட்டியதுபோலப் பெய்தது. நூற்று நாற்பது வீட்டில் தொண்ணூற்றேழு வீடுகள் நனைந்தன. நாற்பத்து மூன்று வீடுகளில் ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் காலை அலுவலகம் திறக்குமுன்பே வாசலில் வரிசை நின்றது. மழை ஏன் பட்டியலைக் கேட்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வாக்காளர் பட்டியலில் பேர் விட்டுப்போய், ரேஷன் பட்டியலில் விட்டுப்போய், நூறுநாள் வேலையில் விட்டுப்போய்ப் பழகிய ஜனம். மழைப் பட்டியலிலும் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். எதற்கும் இருக்கட்டும் என்று ஆதார் நகலும் இரண்டு போட்டோவும் கொண்டுவந்திருந்தார்கள். ஊராட்சித் தலைவர் சேதுராமு, ‘மழை சம்பந்தப்பட்ட மனுக்கள் புதன்கிழமை மட்டும்’ என்று ஓர் அட்டை எழுதி மாட்டினார். ஒரு வாரத்துக்குள் ஊருக்கு வழக்கமும் வந்துவிட்டது: மழை பெய்கிற வீட்டுக்காரர் கதவைச் சாத்தக்கூடாது, பெய்யாத வீட்டுக்காரர் குடமும் அண்டாவும் கொண்டுவந்து தாழ்வாரத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம், முதல் குடம் வீட்டுக்காரருக்கு. நிரல் ஓடினால்தான் மழை என்று ஆனதால் பஞ்சவர்ணம் தினமும் மூன்று மணிக்கு அதை ஓட்டினாள். ‘இன்னைக்கு வத்தல் போட்டிருக்கேன், என் பேர ஒரு நாளைக்கு எடுத்துரு தாயி’ என்று கேட்கவும் ஆட்கள் வந்தார்கள்.

விட்டுப்போன நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் காரணம் ஒன்றுதான். கூரானேந்தலில் எந்த வீட்டிலும் தலைப்பிள்ளை ஆணானால் இருளப்பன், பெண்ணானால் இருளாயி. காவல் தெய்வத்தின் பேர். ஊரில் குடும்பத் தலைவர்களாக மட்டும் இருபத்தேழு இருளப்பன்களும் பத்தொன்பது இருளாயிகளும் இருந்தார்கள். அப்பன் பேரைச் சேர்க்கலாமென்றால் பாதிப்பேருக்கு அப்பனும் இருளப்பன். கூப்பிட வசதியாக மிளகாய் இருளாயி, ரேடியோ இருளப்பன், ஒத்தப்பனை இருளப்பன் என்று பட்டப்பேர் உண்டு. ஆனால் அதைச் சாமி பேரோடு சேர்த்து எழுத்தில் எழுதினால் சாமி குத்தம். வாயால் எத்தனை கேலி வேண்டுமானாலும் செய்யலாம், காகிதத்தில் கூடாது. ஆகவே கோப்புகளில் எல்லாரும் வெறும் இருளப்பன், வெறும் இருளாயி. அடுத்த இருளாயியின் வரியைப் படித்ததும் நிரல் முந்தின இருளாயியின் விவரத்தைத் துடைத்துவிட்டு அங்கே இவளை உட்காரவைத்தது. கடைசியாக வந்தவருக்கு மட்டும் மழை.

அப்படி இருளாயிகளில் கடைசியாக வந்தவள் மணல்மேட்டு இருளாயி; இருளப்பன்களில், நாலாவது தெருவின் கடைசி வீட்டு ரேடியோ இருளப்பன். தனிக்கட்டை; எந்நேரமும் ரேடியோ கேட்பவர். அவர் வீட்டில் முதல் நாள் தொடங்கிய மழை மூன்று நாள் விடவில்லை. ஊராட்சிக் கணினியை யாரும் அணைப்பதில்லை, அணைத்தால் மறுபடி எழுந்திருக்க அரை நாள் எடுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை கரண்டு போய்க் கணினி அணைந்தபோதுதான் மழையும் நின்றது. மூன்று நாளும் அவர் கட்டிலுக்கு மேலே தார்ப்பாயைக் கட்டி, ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ‘பெய்யட்டும், பெய்யட்டும், என்னைத் தேடி யாரு வாரா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப்பிறகு பஞ்சவர்ணம் தினமும் மற்ற வீடுகளில் மழை முடிந்ததும் திரையில் நிரல் ஓடும் ஜன்னலை மூடக் கற்றுக்கொண்டாள்.

இன்னொரு இருளப்பனும் நனைந்தார். அவர் ஒத்தப்பனை இருளப்பன். அவர் பேரைத் தட்டும்போது பஞ்சவர்ணத்தின் விரல் தவறி, பேருக்கும் காற்புள்ளிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. கணினிக்கு இடைவெளியும் ஓர் எழுத்துத்தான். அதனால் அவர் தனி ஆளாகிப் பிழைத்துக்கொண்டார்.

மற்றவர்கள் ஊர் வழக்கப்படி அண்டா தூக்கிச் சமாளித்தார்கள். ஆனால் மிளகாய் இருளாயியால் முடியவில்லை.

அவள் பஞ்சவர்ணத்தின் பக்கத்து வீடு. ஐம்பத்தைந்து வயது. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கர், அதில் குண்டுமிளகாய். அந்த வருஷம் நாற்று பாவி இருபது நாள் ஆகியிருந்தது. இன்னும் ஒரு வாரத்துக்குள் வேர் நனையாவிட்டால் நாற்று தலை சாய்ந்துவிடும். சாய்ந்தால் மறுபடி பாவ விதையும் இல்லை, பருவமும் இல்லை. குடத்துத் தண்ணீர் வீட்டுக்குப் போதும், பாத்திக்குப் போதுமா? அவள் பேரோ முதல் தெருவின் முதல் வரி. அவளுக்குப் பின்னால் பதினெட்டு இருளாயிகள்.

அவளுக்குப் பஞ்சவர்ணம் பட்ட நன்றிக்கடன் பெரியது. எட்டு வருஷத்துக்கு முன்னால், கர்ப்பப்பையை எடுத்துவிட்டுப் பஞ்சவர்ணம் படுத்த படுக்கையாகக் கிடந்த நாற்பது நாளும், தெருக்குழாயில் இருளாயி பிடித்த முதல் இரண்டு குடம் பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குத்தான் வந்தது. கொண்டுவந்து இறக்கிவைப்பாள், மூடுவாள், போய்விடுவாள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்டதில்லை. நாற்பத்தோராவது நாள் பஞ்சவர்ணம் எழுந்து தானே குடத்தைத் தூக்கியபோது, ‘இனி நீயே பாத்துக்க’ என்று மட்டும் சொன்னாள். அந்த எண்பது குடத்தை எப்படித் திருப்பித் தருவது என்று எட்டு வருஷமாக யோசித்தவளின் கைக்கு மழையே வந்திருக்கிறது, அவள் கைதான் இருளாயியை நனையாமல் வைத்திருக்கிறது. 

மறுவாரம் வியாழக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். மிளகாய் இருளாயியின் வரியை முதல் கோப்பிலிருந்து வெட்டி, நாலாவது கோப்பின் அடியில் ஒட்டினாள். மூன்று மணிக்கு நிரலை ஓட்டினாள். மூன்றேகாலுக்கு இருளாயி தலையிலிருந்து கால்வரை நனைந்து அலுவலகத்துக்குள் வந்து நின்றாள். பஞ்சவர்ணம் சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

“என்ன காரியம்த்தா பண்ணுன?”

“ஏன் மதினி, பெய்யலையா?”

“பெஞ்சுச்சு. மணல்மேட்டு இருளாயி வீட்டுல நின்னுபோச்சு. பத்து நாளா அவ வீட்டுல பெஞ்சுக்கிட்டிருந்தது. சினை மாட்ட வச்சுக்கிட்டு வெறுந்தொட்டியப் பாத்துக்கிட்டு நிக்கிறா. அவ வாசல்ல இருந்து எடுத்து எனக்குக் குடுத்தியா?”

பஞ்சவர்ணம் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எடுத்த எடத்துல வையி. எனக்கு வேணும்தான், இல்லங்கல. ஆனா இப்படி வேணாம்.” சேலையைப் பிழிந்துகொண்டே இருளாயி வாசல்வரை போய்த் திரும்பினாள். “அதுவும் வீட்டு மேல மட்டும்தான் விழுது. பாத்தியில ஒரு சொட்டு இல்ல. ஒனக்கு எழுதத் தெரிஞ்சது அம்புட்டுத்தானா?”

அது உண்மை. ஊரில் யாருக்குமே மழை நிலத்தில் விழவில்லை, வீட்டின் மேல் மட்டும்தான் விழுந்துகொண்டிருந்தது. பஞ்சவர்ணம் வரியை எடுத்த இடத்தில் வைத்தாள். அழுகை வந்தது, அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தமிழில் பைத்தான் படிப்பவர்கள் கேள்வி கேட்கும் இணையக் குழு ஒன்றில் தன் இருபத்திரண்டு வரியையும் அப்படியே போட்டு, அடியில் எழுதினாள்: ‘வணக்கம். நான் புதிது. ஒரே பெயரில் பலர் இருந்தால் கடைசி ஆளுக்கு மட்டும் மழை பெய்கிறது. நிலத்தில் பெய்வதில்லை. மூடாவிட்டால் நிற்பதில்லை. நாற்று இன்னும் மூன்று நாள்தான் தாங்கும். தயவுசெய்து உதவவும்.’

வெள்ளிக்கிழமை முழுக்கக் கேலிதான் வந்தது. ஒருவர் குடைப் படம் போட்டார். ஒருவர், முதலில் இருந்து பாடம் படியுங்கள் அம்மா என்று எழுதினார். சனிக்கிழமை காலையில் இருளாயியின் நாற்று பாதி தலை சாய்ந்திருந்தது. அவள் குடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாற்றுக்கும் உள்ளங்கையால் ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பஞ்சவர்ணம் வேலைக்கு வந்தாள். பதினோரு மணிக்கு ஒரு பதில் வந்தது. எழுதியவர் பேர் சீனி இபுராகிம். வளைகுடாவில் ஏதோ ஒரு நகரத்தில் டயர் கிடங்கில் சரக்குப் பார்ப்பவர் என்று அவர் பேருக்குக் கீழே இருந்தது.

‘அக்கா, மழையைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் பதினோராவது வரி தப்பு. டிக்‌ஷனரியில் ஒரு பெயருக்கு ஒரு நாற்காலிதான் போட்டிருக்கிறீர்கள். இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் எழுந்துதானே ஆக வேண்டும்? நாற்காலியை எடுத்துவிட்டு ஒரு பெஞ்சு போடுங்கள். அந்தப் பெயர் முதல் தடவை வரும்போது காலிப் பட்டியல் ஒன்றை வையுங்கள். அதற்குப்பின் எத்தனை பேர் வந்தாலும் அதிலேயே பக்கத்தில் பக்கத்தில் உட்காரவையுங்கள். யாரும் யாரையும் எழுப்ப வேண்டாம்.

‘காற்புள்ளி கண்ட இடத்தில் எல்லாம் வெட்டிவிட்டு இரண்டாவது துண்டை மட்டும் எடுக்கிறீர்கள். மூன்றாவது துண்டு தரையில் விழுந்து கிடக்கிறது. முதல் காற்புள்ளியில் மட்டும் வெட்டச் சொல்லுங்கள், மீதி முழுசாக வரும். பேரின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் இடைவெளியைத் தட்டிவிடுங்கள். கோப்பைத் திறக்கும்போதே, வேலை முடிந்தால் தானாக மூடிக்கொள் என்று சொல்லித் திறக்கும் முறை இருக்கிறது, கீழே எழுதியிருக்கிறேன். இப்போது முதல் மூன்றும் தற்செயலாக மூடிக்கொள்கின்றன, நாலாவது மட்டும் கடைசி வரியோடு திறந்தே கிடக்கிறது.

‘ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் நிரலில் வீடு என்பதற்கு வீடு என்றே பேர் வைத்திருக்கிறீர்கள், தெருவுக்குத் தெரு என்று. முதல் நிரலில் யாரும் இவ்வளவு அக்கறையாகப் பேர் வைப்பதில்லை. நன்றாக வரும் அக்கா.’

பஞ்சவர்ணம் இதை மூன்று தடவை படித்தாள். அவள் எழுதிய எதையும் அதுவரை யாரும் வரிக்கு வரி படித்ததில்லை. முகம் தெரியாத ஒருத்தர், சாப்பாட்டு நேரமோ தூங்கும் நேரமோ, உட்கார்ந்து பதினோராவது வரிவரைக்கும் எண்ணியிருக்கிறார். 

உட்கார்ந்து திருத்தினாள். சேதி எப்படியோ பரவி, ஒரு மணிக்கெல்லாம் அலுவலக வாசலில் இருளப்பன்களும் இருளாயிகளும் கூடிவிட்டார்கள். ஒத்தப்பனை இருளப்பன் மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “எனக்குத்தான் நல்லாப் பெய்யுதேம்மா, அந்த எடைவெளிய எதுக்குத் தொடுற?” என்று கேட்டார். “பெஞ்சுல ஒக்காரு மாமா, எடம் இருக்கு” என்றாள் பஞ்சவர்ணம் திரும்பாமலே.

மூன்று மணிக்கு ஓட்டினாள். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது, மழை வரவில்லை. ஒரு வீட்டிலும் வரவில்லை.  தலைவர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது. இருளாயி கதவோரம் நின்று பஞ்சவர்ணத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத்தொட்டு வந்த பஞ்சவர்ணம், ஏழாவது வரியின் கடைசியில் வைக்க வேண்டிய இரண்டு புள்ளியை வைக்கவில்லை என்று கண்டுபிடித்தாள். வைத்தாள். மறுபடி ஓட்டினாள்.

முதலில் மேலத்தெரு, பிறகு அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு, பிறகு ரேடியோ இருளப்பனின் கடைசி வீடு, நூற்று நாற்பது வீடு, இருபத்தேழு இருளப்பன், பத்தொன்பது இருளாயி, அவர்களுடைய ஓடு, கூரை, மாட்டுத்தொட்டி, அவர்களுடைய ஓடைப்பக்கத்து ஒரு ஏக்கர், கண்மாய்க்கரை அரை ஏக்கர், மணல்மேட்டுக் கம்பங்கொல்லை என்று ஒன்று விடாமல், ஒருவரை எழுப்பி இன்னொருவரை உட்காரவைக்காமல் மழை பெய்தது. அரை மணி நேரம் பெய்துவிட்டுத் தானாக மூடிக்கொண்டது. இருளாயி மிளகாய்ப் பாத்தியில் முழங்கால் சேற்றில் நின்றாள். மறுநாள் காலை நாற்று தலைதூக்கியிருந்தது.

அன்றைக்கு இருளாயி ஒரு பை நிறையக் குண்டுமிளகாய் வற்றலைக் கொண்டுவந்து கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இத அந்தத் தம்பிக்கு அனுப்பு.”

“கடல் தாண்டி இருக்காரு மதினி. வாங்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. ஏதாச்சும் அனுப்பவான்னு முன்னாடியே கேட்டுட்டேன்.”

“அப்ப அவருக்கு என்னதான் வேணுமாம்?”

“ஒண்ணும் வேணாமாம்.”

“அந்தக் கொடத்துக்கு ஒண்ணும் வேணாம்னுதான் நானும் இருந்தேன். நீ விட்டியா?” என்றாள் இருளாயி.

எட்டு வருஷத்தில் அந்த எண்பது குடத்தைப் பற்றி அவள் பேசியது அந்த ஒரு தடவைதான். பஞ்சவர்ணம் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி எழுதிக் கேட்டாள். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: ‘என்ன சொல்ல அக்கா. இங்கே எல்லாம் இருக்கிறது. நான் மழை பார்த்து மூன்று வருஷமாயிற்று. அதை எப்படி அனுப்புவீர்கள்?’

புதன்கிழமை மனு நாளில் இதை ஊர் எடுத்துப் பேசியது. தலைவர் தயங்கினார். “வெளியூர் ஆளம்மா. ஊராட்சி எல்லைக்குள்ள வீடு கெடையாது. நாளைக்கு யாராச்சும் மேல எழுதிப் போட்டா?”

ரேடியோ இருளப்பன் எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. “எனக்கு மூணு நாள் விடாமப் பெஞ்சுச்சு. அது என் பங்கு மட்டுமில்ல, மத்தவங்க பங்கும் சேந்து பெஞ்சுச்சு. அதுல இருந்து அவருக்கு எழுது. யாரு கேட்டாலும் என் பேரச் சொல்லு.”

“எந்த இருளப்பன்னு கேப்பாங்களே?” என்றார் தலைவர்.

“இருபத்தேழு பேரையும் சொல்லு” என்றாள் இருளாயி.

பஞ்சவர்ணம் ஐந்தாவதாக ஒரு கோப்பு தொடங்கினாள். அவரிடம் விலாசம் கேட்டு வாங்கி, கூட்டத்தின் முன்னாலேயே தட்டினாள்: சீனி இபுராகிம், அறை எண் பதினாலு, இரண்டாவது மாடி, மேற்கு ஜன்னல். விலாசத்துக்குள்ளேயே இரண்டு காற்புள்ளிகள் இருந்தன. பழைய நிரலாக இருந்தால் அறை எண்ணோடு நின்று வழி தெரியாமல் திண்டாடியிருக்கும். முதல் காற்புள்ளியில் மட்டும் வெட்டச் சொல்லிக்கொடுத்தது அவரேதான். மூன்று மணிக்கு ஓட்டினாள். ஊரில் மழை பெய்தது. அங்கே அப்போது பன்னிரண்டரை மணி, சாப்பாட்டு நேரம்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. இருளாயி வற்றல் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நாலரை மணிக்குத் திரையில் அவர் பேர் வந்தது. பஞ்சவர்ணம் எல்லாருக்கும் கேட்கும்படி படித்தாள்.

‘அக்கா. மேற்கு ஜன்னலுக்கு மட்டும் பெய்தது. கீழே லாரி நிற்கும் இடம் வெயிலில் காய்ந்தது. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன், எடுக்க மனம் வரவில்லை. எங்கள் கட்டடத்துக்காரர்கள் எல்லாரும் என் அறைக்கு வந்துவிட்டார்கள், நிற்கும்வரை முறை வைத்து ஆளுக்கு அரை நிமிஷம் கை நீட்டினோம். ஊரில் எல்லாருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள். இவ்வளவு பெரிதாக யாரும் எனக்கு எதுவும் கொடுத்ததில்லை.’

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

‘ஒரு கோப்பு இணைத்திருக்கிறேன். இங்கே தங்கியிருக்கிற முப்பத்தெட்டு பேரின் பேரும் அறையும். பல தேசத்துக்காரர்கள். சரியாகத்தான் தட்டியிருக்கிறேன், இடைவெளி எதுவும் இல்லை. ஆனால் இதில் நாலு பேருக்கு ஒரே பேர். பரவாயில்லையா அக்கா?’

பஞ்சவர்ணம் திரும்பி ஊரைப் பார்த்தாள். இருளாயி வற்றல் பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, எழுத்துப் படிக்கத் தெரியாதவள், திரைக்குப் பக்கத்தில் குனிந்து அந்த முப்பத்தெட்டு வரியையும் மேலிருந்து கீழே பார்த்தாள்.

“ஏறட்டும்த்தா” என்றாள். “பெஞ்சுலதான் எடம் இருக்கே.”